செல்லாண்டியம்மன் சொன்ன கம்ப்யூட்டர்

மைதிலிக்குக் கோயமுத்தூரில் டிஜிட்டல் ஓவியம் படிக்க இடம் கிடைத்தது கோழிகளால். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சேந்தமங்கலம் போகிற வழியில் அவள் அப்பா தங்கசாமிக்கு முட்டைக் கோழிப்பண்ணை இருக்கிறது. கூண்டுக்குள் நிற்கும் கோழிகளைப் போன் திரையில் விரலால் வரைந்துகொண்டே வளர்ந்தவள் அவள். கோபக்காரக் கோழி, பொறாமைக்காரக் கோழி, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிக்கிற கோழி என்று வகைவகையாக வரைந்து அனுப்பினாள். பார்த்தவர்கள் அசந்துபோய் வரச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோழிகளில் பாதி சொந்தக்காரர்கள் என்பது கல்லூரிக்குத் தெரியாது. சொந்தக்காரர்களுக்கும் தெரியாது. தெரியாமலே இருப்பது எல்லோருக்கும் நல்லது.

படிக்கப் போகிறவளுக்கு ஒரு லேப்டாப் வேண்டும். வினை அங்கேதான் பிடித்தது.

இந்தப் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருமே மேக் வாங்குவதா, விண்டோஸ் வாங்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இன்டர்நெட்டில் அதற்கென்றே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. அவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் படித்தால் சந்தையில் மாட்டுத் தரகர்கள் எவ்வளவோ மரியாதை தெரிந்தவர்கள் என்று தோன்றும். மைதிலியின் வீட்டில் இரண்டு கட்சிக்கும் தலைவர்கள் தயாராகவே இருந்தார்கள். விண்டோஸுக்கு அப்பா. மேக்குக்குத் தாய்மாமன் சுவாமிநாதன். இரண்டு பேரும் எந்தப் பெட்டி முன்னாலும் உட்கார்ந்து நாலு வரி தட்டியதில்லை. தலைவராக இருக்க அது தேவையும் இல்லை.

சுவாமிநாதன் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருந்தார். அவர் வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, அவர் ஊரில் உட்கார்ந்து போனிலேயே எல்லோரையும் துளைத்துக்கொண்டிருந்தார். மருமகளுக்குச் சீட்டுக் கிடைத்த செய்தி வந்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"மருமவ படிப்புக்குக் கம்ப்யூட்டரு இந்த மாமன் சீரு. இதுல எவனும் குறுக்க வரப்படாது" என்றார், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"சந்தோசமுங்க மச்சான். அப்ப நல்லதா ஒரு விண்டோஸு பாத்து வாங்கிருங்க" என்றார் தங்கசாமி.

"விண்டோஸா? என்ற மருமவளுக்கா? மேக்கு வாங்கறேன் மாப்ள."

"அது ரிப்பேருன்னு வந்தா ராசிபுரத்துல யாரு பாப்பா? நம்ம பண்ணை ஆபீஸுல இருக்கறது விண்டோஸுதான். முட்டைக் கணக்கு, தீவனக் கணக்கு எல்லாம் அதுலதான் ஓடுது. ஒருக்கா கோழியே ஏறி உக்காந்து எச்சம் போட்டுச்சு. தொடச்சுப் போட்டு இன்னும் ஓட்டிட்டுத்தான் இருக்கறோம்."

"கோழி எச்சம் போடற கம்ப்யூட்டரும் புள்ள படிக்கற கம்ப்யூட்டரும் ஒண்ணா? நாங்க ரிக்கு வாங்கறப்ப என்ன பாப்போம்? கம்ப்ரசரு. காத்து பத்தலீன்னா எத்தன அடி போனாலும் தண்ணி வராது. மேக்குக்குக் கம்ப்ரசரு பெருசு."

"எவன் சொன்னான் உங்களுக்கு?"

"ஐதராபாத்துல ஒரு இஞ்சினியரு வெச்சிருந்தான். என்ற கண்ணால பாத்தேன். மூடுனாச் சத்தமே வரல."

மூடினால் சத்தம் வராதது ஓவியம் படிப்பதற்கு எப்படி உதவும் என்று மைதிலி கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வாயைக் கொடுத்தால் இரண்டு கட்சியும் சேர்ந்து அவள் மேல் பாயும்.

அவளிடம் இருந்த சேதி வேறு. அதே கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற மோகனப்பிரியா என்கிற அக்காவிடம் போனில் விசாரித்திருந்தாள். "மொத வருசம் எது வெச்சிருந்தாலும் ஓகே. ரெண்டாம் வருசம் த்ரீடி வருது. அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு நல்லதா இருக்கணும். இல்லேன்னா லேப்ல பையன்களுக்குப் பின்னாடி வரிசைல நின்னே டிகிரி முடிஞ்சிரும்" என்று மோகனப்பிரியா சொல்லியிருந்தாள். மைதிலிக்குத் தன் கோழிகளை நடக்கவிட வேண்டும், கழுத்தைச் சொடுக்கித் திரும்பிப் பார்க்கவிட வேண்டும். அதைத்தான் த்ரீடியில் சொல்லித்தருகிறார்கள்.

ஆசை என்று பார்த்தால் ஆசையெல்லாம் மேக்கின் மேல்தான். சேலத்தில் ஒரு கடையில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அந்தத் திரையில் தன் சேவலின் கொண்டை எப்படிச் சிவக்கும் என்று நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறாள். ஆனால் ஏக்கத்தை வைத்துக்கொண்டு கோழியை நடக்கவைக்க முடியாது. தேவை விண்டோஸ். அப்பா சொல்வது சரிதான், சொல்கிற காரணம்தான் எச்சம்.

அப்படியானால் அப்பா பக்கம் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதானே? அதுதான் முடியாது. மைதிலி பெரியவளானபோது நடந்த சீருக்கு வைத்த பிளக்ஸ் பேனரில் தாய்மாமன் படம் அத்தை வீட்டுக்காரர் படத்தைவிடச் சின்னதாகப் போய்விட்டது. பிளக்ஸ் அடித்தவன் செய்த கோளாறு. சுவாமிநாதன் பந்தியில் பாதியில் எழுந்து போனவர், அப்புறம் வருஷக்கணக்கில் வாசல்படி மிதிக்கவில்லை. அம்மா சௌந்திரம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் வருவார் என்று ஒரு இலை கூடப் போட்டு வைத்து, அதை மாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள். போன தையில்தான் மனுஷன் ஒருவழியாகச் சமாதானமாகி வந்தார். வந்தவர் கொண்டுவந்திருக்கிற முதல் சீர் இந்தக் கம்ப்யூட்டர். அதை வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விண்டோஸ் கிடைத்தால் மாமா போய்விடுவார். மாமா நிலைத்தால் படிப்பு வரிசையில் நிற்கும்.

வாக்குவாதம் முற்றி, காபி இரண்டு முறை ஆறியபிறகு, சுவாமிநாதன் தொடையில் அறைந்தார். "நாயம் பேசி ஆவறதில்ல மாப்ள. பூப் போட்டுக் கேட்டுருவோம்."

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் நடக்காது. சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒரு ஆளை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூ சாமி வாக்கு. கல்யாணம், கிணறு, எலெக்ஷன் எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுத்த சாமிக்கு லேப்டாப் என்ன பெரிய விஷயம்?

எந்தக் கோயிலில் கேட்பது என்பதில் அடுத்த சண்டை. "உங்க குலசாமி உங்களுக்குத்தான் சொல்லும்" என்றார் சுவாமிநாதன். "உங்க சாமி மட்டும் என்னவாம்?" என்றார் தங்கசாமி. கடைசியில் இரண்டு குலத்துக்கும் சம்பந்தமில்லாத, ராசிபுரம் ரோட்டோரம் புளியமரத்தடியில் இருக்கிற செல்லாண்டியம்மன் நடுவராக நியமிக்கப்பட்டாள். வெள்ளை வந்தால் மேக், சிவப்பு வந்தால் விண்டோஸ், வெள்ளிக்கிழமை காலையில் கேட்பது என்று முடிவாயிற்று. பூசாரி பெயர் சரவணமுத்து. நல்ல மனுஷர். யார் எது சொன்னாலும் சரி என்பார். பின்னால் வந்த அத்தனை கூத்துக்கும் அந்த நல்ல குணம்தான் காரணம்.

வியாழக்கிழமை மத்தியானம் மைதிலி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். சரவணமுத்து கழுத்தில் புதுத் துண்டு போட்டுக்கொண்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்து விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் சைக்கிள் கேரியரில் ஒரு அட்டை முட்டை கட்டியிருந்தது. நாமக்கல் பக்கத்தில் முட்டை அட்டை இல்லாத சைக்கிள் ஏது என்று அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஏனுங்க பூசாரி, நாளைக்கு எங்கூட்டுல பூக் கேக்க வாராங்க. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வெச்சுருங்க."

சரவணமுத்து ஆச்சரியப்படவில்லை. அதையும் அவள் கவனித்திருக்க வேண்டும். "சாமி காரியத்துல அப்படியெல்லாம் பண்ணலாமா கண்ணு?"

"என்ற படிப்புங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. திருவிழாவுக்குப் பிளக்ஸ் வெப்பீங்கல்ல? அதுக்கு அம்மன் படம் நான் கம்ப்யூட்டர்ல வரஞ்சு தாரேன். இந்தச் சுத்துவட்டாரத்துல இல்லாத மாதிரி."

"கோழியாட்ட வரையாம இருந்தாச் செரி. நீ போ சாமி, நான் பாத்துக்கறேன்."

வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு உறுத்தியது. சாமியையே ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம், மாமாவை ஏமாற்றுகிறோமே என்று நிறைய. ஆனால் சாமியே சிவப்பு என்று சொல்லிவிட்டால் மாமா யார் மேல் கோபித்துக்கொள்ள முடியும்? விண்டோஸும் கிடைக்கும், மாமாவும் இருப்பார். யோசிக்க யோசிக்கத் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு கார்கள் புளியமரத்தடியில் நின்றன. தங்கசாமி கூடவே பிரபாவையும் கூட்டி வந்திருந்தார். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பையன். பண்ணையில் கேமரா மாட்டியவன். சாமி சொன்ன உடனே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? சுவாமிநாதன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெற்றி தன் மடியில் இருக்கிற மாதிரி நின்றார். தங்கசாமியும் என்றைக்கும் இல்லாத தெம்பில் இருந்தார். மைதிலி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சரவணமுத்து இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டார். விஷயம் தெரியாத ஆள் வேண்டும். லோடு லாரியை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழம் கட்ட வந்த டிரைவர் ஒருவர் சிக்கினார்.

"ஏனுங்க டிரைவரே, இதுல ஒண்ண எடுங்க."

"என்ன, கல்யாணங்களா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் ஒன்றை எடுத்தார். பூசாரி மற்றொன்றைச் சட்டென்று எடுத்து மடியில் செருகிக்கொண்டார். டிரைவர் நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தார்.

உள்ளே மஞ்சள் செவ்வந்தி ஒன்று பளிச்சென்று இருந்தது.

டிரைவர், "நல்ல பூவுங்க, நல்லதே நடக்கும்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். தங்கசாமியின் முகம் வெளுத்தது. சுவாமிநாதன் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண்ணில் தண்ணீர்.

"ஆத்தா! மாத்திப் போட்டியே ஆத்தா! என்ன நெனச்சு வந்தவனுக்கு என்ன காட்டிப் போட்ட!"

மைதிலிக்கும் ஒரு விநாடி ஆத்தாள்தான் மாற்றிவிட்டாளோ என்று தோன்றியது. சிவப்பை வைக்கச் சொல்லியிருந்தாளே, மஞ்சள் எங்கிருந்து வந்தது? பூசாரியைப் பார்த்தாள். அவர் விளக்கின் திரியை வெகு கவனமாகத் தூண்டிக்கொண்டிருந்தார். இது மோசடி என்று கத்தலாம்தான். கத்தினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

"மஞ்சப் பூவுன்னா என்ன அர்த்தம்?" என்று தங்கசாமி மெதுவாகக் கேட்டார். "ரெண்டும் வேண்டாங்குறாளா?"

"அப்படின்னா மூணாவதா ஒண்ணு இருக்கோணும்" என்றார் சுவாமிநாதன். "ஏப்பா பிரபா, இந்த ரெண்டும் இல்லாம மூணாவது ஏதாச்சும் இருக்குதா?"

பிரபாவின் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்லி, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத சரக்கு ஒன்று அவனிடம் இருந்தது. கடைசியில் ஒரு தெய்வமே அவன் கட்சிக்கு வந்துவிட்டது. அவன் இரண்டு அடி முன்னால் வந்து நின்றான்.

"இருக்குதுங்க. லினக்ஸுங்க."

"அதேதான்!" என்றார் சுவாமிநாதன். "ஆத்தா லினக்ஸு கேக்குறா!"

வீட்டுக்கு வந்ததும் மைதிலி மாடிக்கு ஓடி மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கேட்டு அந்தப் பெண் ஐந்து நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "லினக்ஸ் நல்ல பொருள்தான்டி, வரையறதுக்கெல்லாம் சும்மாவே நெறைய இருக்கு. ஆனா நம்ம காலேஜ் த்ரீடி சாஃப்ட்வேர் அதுல ஓடாது. அதுக்குப் பேசாம நீ மேக்கே வாங்கியிருக்கலாம்" என்றாள். மேக்குக்கும் ஆகாமல் விண்டோஸுக்கும் ஆகாமல் தன் கோழிகள் கூண்டுக்குள்ளேயே நின்றுவிடப் போகின்றன என்று நினைத்தபோது மைதிலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை கல்லூரி.

கீழே கூடத்தில் பிரபா சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தான். "இதுக்குக் காசே கெடையாதுங்க. உலகம் பூரா சும்மாதான் குடுக்கறாங்க."

"சும்மாவா?" என்று சுவாமிநாதன் பதறினார். "மாமன் சீரு ஓசிலயா? ஊரு என்னப்பா பேசும்?"

"அது சாமி வாக்குங்க மச்சான். நாம என்ன பண்றது?" என்றார் தங்கசாமி. அவர் குரலிலும் உயிரில்லை.

மைதிலி சமையல்கட்டுக்குள் போனாள். அம்மா அரிசிப்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பிடித்தது அது.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிப் போட்டேன். நேத்துப் பூசாரிகிட்டப் போயி ரெண்டுலயும் செவப்பு வெக்கச் சொன்னேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்தாள். அம்மா கரண்டியை வைக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நானுந்தான் போனேன்" என்றாள்.

"நீயா?"

"மஞ்சப் பூ வெக்கச் சொன்னதே நாந்தான்டி. செவப்பு வந்தா என்ற அண்ணன் மறுபடி எழுந்து போயிருவாரு. வெள்ள வந்தா உங்கப்பா அதயே வருசம் பூரா சொல்லிக் காட்டுவாரு. எவன் செயிச்சாலும் தோக்கறது நானு. ரெண்டும் இல்லாம வந்துட்டா ஒருத்தரும் செயிக்காமப் போயிருமேன்னு பாத்தேன். கெரகம், மூணாவதா ஒரு கம்ப்யூட்டரு இருக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

மைதிலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "அது செரி, உனக்குச் செவப்புத்தான் வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"நீங்க யாரும் என்னையக் கேக்கலியேம்மா."

சௌந்திரம் மகளைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பற்றி அந்த வீட்டில் எத்தனை நாள் பேச்சு ஓடியது! மாமன் பேசினார், அப்பன் பேசினார், ஐதராபாத் இஞ்சினியர் பேச்சுக்கூட அடிபட்டது. படிக்கப் போகிறவள் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். தானும் அவள் கையில் காபியைத்தான் கொடுத்தனுப்பினோம் என்பது சௌந்திரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு நடந்தாள்.

"பூசாரிகிட்ட முன்னாலயே போயிப் பாத்தவங்கெல்லாம் கையத் தூக்குங்க" என்று சொல்லித் தன் கையைத் தூக்கினாள். கரண்டியிலிருந்து ஒரு பருப்பு விழுந்தது.

மைதிலி தூக்கினாள். தங்கசாமி கூரையைப் பார்த்தார். சுவாமிநாதன் மின்விசிறியைப் பார்த்தார். "நானும் போனேனுங்க, ஆனா சாமி கும்பிடத்தான்" என்று பிரபா பயந்துபோய்ச் சொன்னான்.

"ஏனுங்க, பூசாரி சைக்கிள்ல இருந்த முட்டை யாரோடது?" என்று மைதிலியின் அம்மா புருஷனைக் கேட்டாள்.

"ஒரு அட்டைதான் குடுத்தேன்" என்று தங்கசாமியின் கை மெல்ல மேலே போனது.

"அவரு கழுத்துல இருந்த புதுத் துண்டு யாரு போட்டதுங்கண்ணா?"

சுவாமிநாதன் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றார். "ஏம் மாப்ள, ரெண்டுலயும் செவப்பு வெக்கச் சொன்னியா? என்ற மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"நீங்க ரெண்டுலயும் வெள்ள வெக்கச் சொல்லலியாக்கும்?"

"நான் சீரு செய்யறவன்! சொல்லுவேன்! இந்த ஊட்டுல மனுசனுக்கு மரியாதி இல்ல." கார் சாவியை எடுத்துவிட்டார். பிளக்ஸ் விவகாரத்தன்றும் இதே சாவியை இதே மாதிரிதான் எடுத்தார்.

சௌந்திரம் வழியை மறிக்கவில்லை. ஒதுங்கி நின்றாள்.

"போறதுன்னாப் போங்கண்ணா. போட்டோ சின்னதுன்னு போனப்ப நான் அழுதேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்களுக்கு எலை போட்டு வெச்சு, அத மாட்டுக்குப் போட்டேன். இந்தவாட்டி அழுவ மாட்டேன், எலையும் போட மாட்டேன். சாமிகிட்டக் கேக்கறோம்னு போயி ஆளாளுக்குப் பூசாரிகிட்டப் பேசிட்டு வந்திருக்கறோம். ஆத்தாளயும் கேக்கல. படிக்கப் போற இவளயும் கேக்கல. போறதுக்கு மின்னால புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுப் போட்டுப் போங்க."

தங்கை இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சாவி கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லு சாமி" என்றார் கடைசியில்.

மாமாவுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு, த்ரீடி என்றெல்லாம் விளக்க முடியாது என்று மைதிலிக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த போர்வெல் கணக்கில் சொன்னாள்.

"பாக்கறதுக்கு எனக்கும் மேக்குத்தான் புடிச்சிருக்குதுங்க மாமா. சொப்பனத்துல எல்லாம் வருது. ஆனா ரெண்டாம் வருசம் பாறை வருதுங்க. அந்தப் பாறைய ஒடைக்கற டிரில் பிட்டு விண்டோஸுலதான் இருக்குது. மேக்குல மாட்ட முடியாதுங்க. லினக்ஸுலயும் மாட்ட முடியாது."

சுவாமிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பாறையா?"

"கருங்கல்லுங்க மாமா."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பாறை வருதுன்னு தெரிஞ்சும் பிட்டு இல்லாத வண்டிய எவனாச்சும் சைட்டுக்கு அனுப்புவானா?" சாவியை மேஜை மேல் எறிந்தார். பாறை என்ற சொல்லுக்கு முன் அவர் கௌரவம் எம்மாத்திரம்? "விண்டோஸே வாங்கறேன். ஆனா வாங்கறது நானு. மாப்ள, நீ கடைக்கே வரப்படாது."

"வரல மச்சான்" என்றார் தங்கசாமி, ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு. "ஆனா மஞ்சப் பூ வந்துருச்சே. யாரு வெச்சிருந்தாலும் சாமி முன்னால வந்த பூவு. அதத் தள்ளலாமா?"

எல்லோரும் பிரபாவைப் பார்த்தார்கள். ஜெயித்த அன்றே தோற்றவனின் முகம் அது. ஆனால் தொழில்காரன் அல்லவா?

"ஒரே பொட்டியில ரெண்டையும் போட்டுரலாமுங்க" என்றான். "ஒரு பக்கம் விண்டோஸு, ஒரு பக்கம் லினக்ஸு. வேணுங்கறத எடுத்துக்கலாம்."

அப்படித்தான் ஆயிற்று. சனிக்கிழமை சுவாமிநாதன் சேலத்துக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்பை வாங்கினார். கம்ப்ரசர் எவ்வளவு என்று விற்பனைப் பெண்ணைப் பாடாய்ப் படுத்தியதாகக் கேள்வி. பிரபா அதில் லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு அது வீட்டுக்கு வந்தது. மூடியில் மூன்று சந்தனப் பொட்டு. சீர் என்று வந்தபிறகு பொட்டில்லாமல் எப்படி?

மைதிலி கூடத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். பின்னால் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பண்ணையில் தீவனம் போடுகிற நேரத்தில் பார்க்கிற காட்சி அது, எப்படியாவது இதை வரைந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்து வந்து நின்றது. கீழே ஒரு எண் குறைந்துகொண்டிருந்தது.

"என்னமோ எழுதி நிக்குது. கெட்டுப் போச்சா?" என்றார் சுவாமிநாதன்.

"இல்லீங்க மாமா. ரெண்டுல எது வேணும்னு கேக்குது. எப்பத் தொறந்தாலும் கேக்குமாமுங்க, பிரபாண்ணன் சொன்னாரு."

"யாரக் கேக்குது?" என்றார் தங்கசாமி.

"என்னையத்தானுங்கப்பா."

"எவ்வளவு நேரம் குடுக்குது?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"பத்து செகண்டும்மா."

"பரவால்ல. நம்மூட்டுல அதுகூடக் கெடைக்கல."

தங்கசாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். மச்சான் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். திரையில் ஏழு, ஆறு என்று ஓடியது. மைதிலி விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் இரண்டு வரியையும் இன்னொரு முறை படித்தாள். அவள் அழுத்தும் வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் யோசனை சொல்லவில்லை.